முள் ஆடினா அது மீட்டர் ஆயிடுமா?

நம்ம காலேஜ் பைக் ஸ்டாண்டுல ஒரு நாள் சும்மா நடந்து பாருங்க. கம்பெனி வைக்காத ஆர்பிஎம் மீட்டர் மாட்டின வண்டி எப்படியும் ஏழெட்டு தேறும். ஸ்பிளெண்டர்ல ஒரு வட்ட மீட்டர், ஆர்எக்ஸ் 100-ல வேற ஏதோ யமஹாவோட மீட்டர், கிளாசிக்ல தண்டர்பேர்டோட ரெட்டை மீட்டர். ஆக்சிலரேட்டரை முறுக்கினா முள் எகிறும், விட்டா இறங்கும். பாக்க நல்லாத்தான் இருக்கு. "மச்சி, இது சரியாக் காட்டுதான்னு எப்படிடா தெரியும்?"னு கேட்டுப் பாருங்க. "ஆடுதுல்ல?" அப்படின்னுதான் பதில் வரும்.

இதைக் கிண்டல் பண்ற தகுதி எனக்கு இல்ல. என் வண்டியிலயும் ஒரு முள் மூணு வாரம் பொய் சொல்லிட்டு இருந்துச்சு. அதை நம்பி நான் எங்க அம்மாவை ஒரு லாரிக்கு முன்னாடி நிறுத்தினேன். அதனால இது அறிவுரை இல்ல, பட்டவன் வயித்தெரிச்சல். என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன்: ஒரு இன்ஜினோட ஆர்பிஎம் மீட்டரை இன்னொரு இன்ஜினுக்கு மாட்டுறது நம்ம நாலு வருஷப் படிப்புல செய்யக்கூடிய உருப்படியான வேலைகள்ல ஒண்ணு. கண்டிப்பா மாட்டுங்க. ஆனா வேற ஒரு வழியில சரிபார்க்கிற வரைக்கும் அது மேல இன்சுலேஷன் டேப் ஒட்டி வைங்க.

எனக்குச் சொந்த ஊர் திட்டக்குடி. வண்டி அப்பாவோடது, பழைய கார்புரேட்டர் ஸ்பிளெண்டர். போன செமஸ்டர் லீவுல சென்னைக்குப் போனப்ப புதுப்பேட்டையில ஒரு 150 சிசி வண்டியோட ஆர்பிஎம் மீட்டரை அறுநூறு ரூபாய்க்கு வாங்கினேன். கண்ணாடியில ஒரு கீறல், மத்தபடி நல்ல பீஸ். மூணே வயர்: பிளஸ், எர்த்து, சிக்னல். இதை ஸ்பிளெண்டருக்கு மாட்டுறது ஒரு சாயங்கால வேலைன்னு நினைச்சேன்.

இங்க கொஞ்சம் நின்னு விஷயத்தைச் சொல்லணும். ஆர்பிஎம் மீட்டர்ல ரெண்டு சாதி. ஒண்ணு கேபிள்ல ஓடுறது. இன்ஜின்ல ஒரு பல்சக்கரம் கேபிளைச் சுத்தும்; மீட்டருக்குள்ள கேபிள் நுனியில ஒரு காந்தம் இருக்கும்; அந்தக் காந்தத்தைச் சுத்தி, தொடாம, ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் சுத்தினா கிண்ணத்துல எடி கரண்ட் உண்டாகி, கிண்ணத்தையும் கூடவே இழுக்கும். ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங் அதைப் பின்னால பிடிச்சு நிறுத்தும். இழுப்பும் பிடிப்பும் சமமாகிற இடத்துல முள் நிக்கும். 1902-ல ஓட்டோ ஷுல்ட்ஸேங்கிற ஜெர்மன்காரர் ஸ்பீடாமீட்டருக்கு பேடண்ட் எடுத்த அதே வித்தை. இதுல கரண்டே வேணாம், பேட்டரி செத்துப் போனாலும் முள் ஆடும்.

ரெண்டாவது சாதி எலக்ட்ரானிக். அதுக்கு இன்ஜினைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. வர்ற பல்ஸை எண்ணும், ஒரு கணக்குப் போடும், முள்ளை நகர்த்தும். அவ்வளவுதான்.

ரெண்டுலயும் ஒரே ஒரு எண்தான் எல்லாம். கேபிள் மீட்டரா இருந்தா: இன்ஜின் எத்தனை சுத்து சுத்தினா கேபிள் ஒரு சுத்து சுத்தும்? எலக்ட்ரானிக்கா இருந்தா: இன்ஜின் ஒரு சுத்து சுத்தினா எத்தனை பல்ஸ் வரும்? கம்பெனி அந்த எண்ணை மீட்டருக்குள்ள வெச்சு மூடிடும். டயல்ல எங்கயும் பெருசா எழுதி வைக்காது. நீங்க மீட்டரைக் கழட்டும்போது அந்த எண்ணும் கூடவே வருது. நீங்க மாட்டுற இன்ஜினுக்கு அது பொருந்துமாங்கிறதுதான் மொத்தக் கேள்வியும். பிராக்கெட் அடிக்கிறது, ஹோல்டர் பண்றது, வயர் இழுக்கிறது எல்லாம் வெல்டிங் பட்டறை அண்ணனே பாத்துக்குவார்.

ஹாஸ்டல்ல ஒருத்தன் வெச்சிருக்கான் ஆர்எக்ஸ் 100. அதுல கம்பெனி ஆர்பிஎம் மீட்டரே வைக்கல. அவன் ஒரு கேபிள் மீட்டரைத் தேடிப் பிடிச்சு, அதை ஓட்டுற பல்சக்கரத்துக்கும் வழி பண்ணி மாட்டினான். சரியாக் காட்டுதான்னு பாக்க நாங்க செஞ்சது ரொம்ப சின்ன வேலை. ஒர்க்‌ஷாப்ல இருக்கிற டிரில்லிங் மெஷின் சக்குல கேபிளோட உள்கம்பியை மாட்டினோம். சக்கு மேல சாக்பீஸால ஒரே ஒரு கோடு. மேல பழைய சோக் போட்ட டியூப்லைட். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மின்னி மின்னி எரியும். சக்கு நிமிஷத்துக்கு 1500 சுத்து, அதாவது நொடிக்கு 25 சுத்து ஓடினா, ஒவ்வொரு மின்னலுக்கும் கோடு கால் சுத்து நகர்ந்திருக்கும். அதனால கண்ணுக்கு நாலு கோடு அசையாம நிக்கிற மாதிரி தெரியும். (4500-லயும் நாலு கோடுதான் தெரியும். ஆனா அந்த டிரில்லிங் மெஷினுக்கு அவ்வளவு வேகம் கிடையாது, அதனால குழப்பம் இல்ல.) நாலு கோடு நிக்கிற நேரத்துல டயல் 6000 காட்டினா, அந்த மீட்டர் நாலுக்கு ஒண்ணுன்னு கேபிள் ஓடுற இன்ஜினுக்காகச் செஞ்சது. கையில இருந்த பல்சக்கரத்தோட பல்லை எண்ணிப் பாத்தா பொருந்துதா இல்லையான்னு அஞ்சு நிமிஷத்துல முடிவு தெரிஞ்சிடும். எல்.இ.டி பல்புல இந்த வித்தை பெரும்பாலும் எடுபடாது. பழைய டியூப்லைட்டே வேணும்.

எங்க ஊர்ப் பக்கம் வோல்டேஜ் எப்படி ஆடும்னு உங்களுக்கே தெரியும், கரும்புக்கு மோட்டார் போட்டா ஃபேன் நடக்க ஆரம்பிச்சிடும். ஆனா ஃப்ரீக்வன்சி அப்படி ஆடாது. மொத்த கிரிடும் ஒண்ணாச் சேர்ந்து 50-ஐ ஒட்டியே ஓடும். திட்டக்குடியில ஒரு ஓட்டு வீட்டுல எரியற டியூப்லைட்டுக்குள்ள இவ்வளவு துல்லியமான ஒரு கடிகாரம் இருக்குன்னு எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சது.

சரி, என் கதைக்கு வர்றேன். புதுப்பேட்டை மீட்டரை எலக்ட்ரானிக்ஸ் லேபுக்குக் கொண்டுபோய் ஃபங்ஷன் ஜெனரேட்டர்ல மாட்டினேன். 50 ஹெர்ட்ஸ் கொடுத்தா முள் 3000. 100 ஹெர்ட்ஸ் கொடுத்தா 6000. ஆக, ஒரு சுத்துக்கு ஒரு பல்ஸ். மீட்டர் பக்கம் சந்தேகத்துக்கே இடமில்ல, நானே அளந்து பாத்தது.

இன்ஜின் பக்கம் அளக்கல. ஏன்னா அது எனக்குத் "தெரியும்". ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். சக்‌ஷன், கம்ப்ரெஷன், பவர், எக்ஸாஸ்ட். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா ஒரு தடவை பெட்ரோல் எரியும். இதை 13 மார்க் கேள்விக்குப் படம் போட்டு எழுதினவன் நான். அப்போ ரெண்டு சுத்துக்கு ஒரு ஸ்பார்க், அதாவது ஸ்பிளெண்டர்லருந்து அரை பல்ஸ்தான் வரும், மீட்டர் கேக்கறது ஒரு பல்ஸ். நடுவுல ஒரு ஆர்டுயினோ நானோ போட்டு, ஒரு பல்ஸ் வந்தா ரெண்டா அனுப்பச் சொல்லி கோடு எழுதினேன். கூடவே செல்லுல ஆர்பிஎம் பாக்கிறதுக்கு ஒரு வரி: நொடிக்கு வர்ற பல்ஸ் பெருக்கல் 120.

சிக்னல் எடுக்கிற இடத்துல மட்டும் ஜாக்கிரதையா இருந்தேன். இக்னிஷன் காயிலோட பிரைமரியிலயே நேரா வயரைச் சொருகினா நூத்துக்கணக்கான வோல்ட் வந்து போர்டைக் கொளுத்திடும். நம்ம பசங்க ரெண்டு பேர் அப்படித்தான் மீட்டரைப் புகைய விட்டாங்க. பிளக் வயர் மேல ஒரு மெல்லிய வயரை நாலஞ்சு சுத்து சுத்தி, ஒரு டிரான்சிஸ்டர், ரெண்டு ரெசிஸ்டர், ஒரு ஜீனர் வெச்சு எடுத்தேன். ஒரு ஸ்பார்க்குக்கு அலை ரெண்டு மூணு தடவை அதிரும், அதைத் தனித்தனி பல்ஸா எண்ணிடக் கூடாதுன்னு, ஒரு பல்ஸ் வந்ததும் மூணு மில்லிசெகண்ட் காதைப் பொத்திக்கோன்னு கோடுல எழுதினேன். 10,000 ஆர்பிஎம்ல கூட ஒரு சுத்துக்கு ஆறு மில்லிசெகண்ட் ஆகும், அதனால நிஜமான பல்ஸ் எதுவும் தவறாது. பாருங்க, எவ்வளவு கவனம்! வேண்டாத இடத்துல எல்லாம்.

மாட்டி ஸ்டார்ட் பண்ணேன். முள் ஆடுச்சு. தெருப் பசங்க எல்லாம் சுத்தி நின்னு பாத்தாங்க. ஐடிலிங்ல 2800-க்குக் கொஞ்சம் மேல காட்டுச்சு.

ஸ்பிளெண்டரோட ஐடிலிங் 1400 சுத்தளவுல இருக்கணும். அப்போ அப்பா இத்தனை வருஷமா ஐடிலிங்கை ரெட்டிப்பா வெச்சு ஓட்டிட்டு இருந்திருக்காரு, மெக்கானிக்கும் கவனிக்கல, பெட்ரோல் எவ்வளவு வீணாப் போயிருக்கும்! இன்ஜினியரிங் படிக்கிற பையன் வந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு. இதுதான் என் மண்டையில ஓடினது, மறைக்கல. கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகி இறக்க ஆரம்பிச்சேன். 1800-க்குக் கீழ போனா வண்டி அணைஞ்சு அணைஞ்சு போச்சு. சரி, பழைய இன்ஜின், 1800-லயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

அங்கயே சந்தேகம் வந்திருக்கணும். நல்லா ஓடுற 97 சிசி இன்ஜின் 1800-ல அணையுமா? இதை விடப் பெரிய துப்பு ஒண்ணும் இருந்துச்சு. பெண்ணாடம் ரோட்டுல நாலாவது கியர்ல அறுபதுல போறப்ப முள் 11,000-ஐத் தொட்டுச்சு. ஸ்பிளெண்டர் 11,000! அந்த வேகத்துல அதுக்குள்ள இருக்கிற வால்வும் ஸ்பிரிங்கும் என்ன கதிக்கு ஆளாகும்னு ஒரு மெக்கானிக்கல் மாணவன் யோசிச்சிருக்க வேணாமா? நான் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சேன். நாப்பத்தஞ்சு பேர் பாத்தாங்க, அதுல பாதிப் பேர் நம்ம டிபார்ட்மெண்ட். ஒருத்தனும் கேக்கல. எல்லாரும் நெருப்புதான் போட்டாங்க.

மூணாவது வாரம், அம்மாவைப் பெண்ணாடம் ஸ்டேஷன்ல விடப் போனேன். காலையில அந்த ரோட்டுல என்ன கூட்டம்னு போனவங்களுக்குத் தெரியும். முன்னாடி கரும்பு ஏத்தின டிராக்டர், ரோட்டுல பாதியை அடைச்சுக்கிட்டு. பின்னாடி சிமெண்ட் லாரி. டிராக்டர் திடீர்னு மெதுவாச்சு, நானும் ஆக்சிலரேட்டரை விட்டு கிளட்ச் பிடிச்சேன். வண்டி பொட்டுனு அணைஞ்சு போச்சு. உருண்டு வந்து நடுரோட்டுல நின்னுடுச்சு. லாரிக்காரர் அடிச்ச ஹார்ன் இப்பவும் காதுல இருக்கு. அவர் பிரேக் பிடிச்சதால இதை எழுதிட்டு இருக்கேன். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டினதும் அம்மா என்னைத் திட்டல. முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "அந்த முள்ளு இல்லாதப்ப நல்லாத்தானடா ஓடிச்சு"ன்னாங்க.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற எங்க மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். அவர் மீட்டரைப் பாக்கவே இல்ல. வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார், ரெண்டு நொடி கேட்டார். "என்னா தம்பி பண்ணி வெச்சிருக்க, மூச்சுத் திணறுது பாரு"ன்னு சொல்லிட்டு ஸ்குரூவை முக்கால் திருகு ஏத்தினார். அப்புறம் கால் திருகு குறைச்சார். "இப்போ சரி." மொத்தம் அரை நிமிஷம். மீட்டர் மறுபடியும் 2800-க்குக் கொஞ்சம் மேல.

"அண்ணே, ரெட்டிப்பா ஓடுது பாருங்க"ன்னு மீட்டரைக் காட்டினேன். "அப்ப உன் மீட்டரை ஒரு டாக்டர்கிட்ட காட்டு"ன்னாரு.

எனக்குக் கோவம். ராத்திரி வீட்டு வாசல்ல வண்டியை ஐடிலிங்ல விட்டு, செல்லை சைலன்சர் பக்கம் வெச்சு ரெக்கார்ட் பண்ணேன். கம்ப்யூட்டர்ல போட்டு அலையைப் பெருசாக்கிப் பாத்தா ஒவ்வொரு 'டுப்'பும் தனித்தனி மேடு மாதிரி தெரியுது. பெட்ரோல் எரிஞ்சாத்தான் டுப். ஃபோர் ஸ்ட்ரோக்ல அது ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை, இதுல யாரும் ஏமாத்த முடியாது. அஞ்சு நொடிக்கு எண்ணினேன்: 59. நொடிக்கு 11.8. அதை 120-ஆல பெருக்கினா 1416.

அண்ணன் காதால வெச்சது 1416. நான் மீட்டரைப் பாத்து வெச்சிருந்த 1800, நிஜத்துல 900. அந்த 900-லதான் அம்மாவை உக்கார வெச்சு ஓட்டிட்டுப் போயிருக்கேன்.

தப்பு எங்கன்னு கண்டுபிடிக்க அதுக்கு மேல பத்து நிமிஷம்கூட ஆகல. ஸ்பிளெண்டர்ல ஸ்பார்க்குக்கு நேரம் சொல்றது மேக்னெட்டுக்குப் பக்கத்துல இருக்கிற பல்சர் காயில். மேக்னெட் மேல ஒரு மேடு இருக்கும், அது காயிலைக் கடக்கிறப்ப எல்லாம் ஒரு ஸ்பார்க். மேக்னெட் மாட்டியிருக்கிறது கிராங்க்ல. கிராங்குக்கு இது கம்ப்ரெஷனா எக்ஸாஸ்டான்னு தெரியாது, ஒவ்வொரு சுத்துக்கும் ஸ்பார்க் அடிச்சுத் தள்ளும். ஒண்ணு பெட்ரோலைக் கொளுத்தும், அடுத்தது வெறும் புகையில சும்மா மின்னிட்டுப் போயிடும். வீண் ஸ்பார்க். கேம்ல தனியா ஒரு சென்சார் வைக்கிற செலவு மிச்சம், அதனால பெரும்பாலான வண்டிகள்ல இதே கதைதான். புத்தகத்துல எரியறது ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைன்னு சரியாத்தான் எழுதியிருக்கு. ஸ்பார்க்கும் அப்படித்தான்னு நானாச் சேத்துக்கிட்டேன்.

இதுல சிரிப்பு என்னன்னா, ஸ்பிளெண்டர் ஒரு சுத்துக்கு ஒரு பல்ஸ் கொடுக்குது, புதுப்பேட்டை மீட்டர் ஒரு சுத்துக்கு ஒரு பல்ஸ் கேக்குது. ரெண்டும் ஏற்கனவே பொருத்தம்! அந்த டிரான்சிஸ்டர் மட்டும் போதும். மூணு நாள் கண்ணு முழிச்சு எழுதின கோடு, சரியா இருந்த ஒண்ணைத் தப்பாக்கறதுக்கு மட்டும்தான் பயன்பட்டுச்சு.

அதே 120 ஒரு பழைய கான்டாக்ட் பிரேக்கர் புல்லட்டுல போட்டிருந்தா சரியா இருந்திருக்கும். அதுல பாயிண்ட் திறக்கிறது கேமோட வேகத்துல, இன்ஜினுக்குப் பாதி. ரெண்டு சுத்துக்கு ஒரே ஸ்பார்க். ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக், அங்க சுத்துக்கு ஒண்ணு, அத்தனையும் எரியும், வீணே கிடையாது. அதனாலதான் அது 6000-ல ஓடுறப்ப நொடிக்கு நூறு டுப், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் உறுமுற அதே சுருதி. அடுத்த தடவை ஹாஸ்டல் கேட்ல நின்னு கேட்டுப் பாருங்க.

இப்போ நான் சொல்ல வந்த சண்டைக்கு வர்றேன். என் தப்பு நான் முட்டாள்ங்கிறதால வந்துச்சுன்னு சொன்னா ஒத்துக்கறேன், ஆனா அது மட்டும் காரணம் இல்ல. மூணு வருஷமா லேப்ல நாம என்ன பண்றோம்? சீனியரோட ரெக்கார்டை வாங்குறோம். அதுல என்ன ரீடிங் இருக்கோ அதை ஒட்டி நம்ம ரீடிங் வரலைன்னா, ரீடிங்கை மாத்தறோம். கிராஃப் நேர்கோடா வரலைன்னா புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தறோம். டேக்கோமீட்டரைக் கையில பிடிச்சு மோட்டார் ஷாஃப்ட்ல வெச்சு 1480-ன்னு எழுதியிருக்கோம். அந்த டேக்கோமீட்டர் சரியான்னு என்னிக்காவது கேட்டிருக்கோமா? வைவாவுல "டேக்கோமீட்டர் என்றால் என்ன?"ன்னு கேப்பாங்க, டெஃபனிஷன் சொல்வோம், முடிஞ்சது. மீட்டர் காட்டினா அது உண்மைன்னு நம்புறதுக்கு ஆறு செமஸ்டரா பழக்கப்பட்டவன் ரோட்டுலயும் அப்படித்தான் நம்புவான்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் கதை இதைவிட மோசம். பணத்தைக் கட்டினா ப்ராஜெக்ட் சென்டர்ல பெட்டி, ரிப்போர்ட், பிபிடி எல்லாம் கட்டித் தர்றாங்க. பெட்டியைத் திறக்காமலே ரிவ்யூவுல நிக்கிறவங்க இருக்காங்க. என் கேள்வி இதுதான்: ஒரு மீட்டரை ஒரு இன்ஜின்லருந்து இன்னொண்ணுக்கு மாத்தி, ரெண்டு தனித்தனி வழியில சரிபார்த்து, எவ்வளவு பிழைன்னு எழுதிக் கொடுத்தா அதை மினி ப்ராஜெக்ட்டா ஏத்துக்கக் கூடாதா? "ரொம்பச் சின்னது, நாவல்ட்டி இல்ல"ன்னு சொல்வாங்க. ஐஓடின்னு ஒரு வார்த்தை சேத்தா நாவல்ட்டி வந்துடுமாம்.

"ஸ்பிளெண்டருக்கு எதுக்குடா ஆர்பிஎம் மீட்டர்?"னு கேக்கறவங்க கட்சியில நியாயம் இருக்கு. ஓட்டுறதுக்கு வேணவே வேணாம். எங்க அப்பா சத்தத்தைக் கேட்டே கியர் மாத்தறாரு, சரியாத்தான் மாத்தறாரு. ஆனா ஒண்ணைக் கணக்குப் போட்டுப் பாருங்க. இப்போ வர்ற இன்ஜெக்‌ஷன் ஸ்பிளெண்டர் பிளஸ் 97.2 சிசி, 6000-ல 8.05 நியூட்டன் மீட்டர் டார்க், 8000-ல 5.9 கிலோவாட் பவர்னு கம்பெனியே சொல்லுது. 8000 ஆர்பிஎம்னா நொடிக்கு 838 ரேடியன். 5900-ஐ 838-ஆல வகுத்தா 7.04. பவர் உச்சத்துக்குப் போற இடத்துல டார்க் ஏற்கனவே எட்டுலருந்து ஏழுக்கு இறங்கிடுச்சு. இதைக் கிளாஸ்ல ரெண்டு வளைவாப் போட்டுக் காட்டினப்ப எனக்கு ஏறல. சரியான மீட்டரோட, ராமநத்தம் பக்கம் பைபாஸ்ல எதிர்காத்துல முறுக்கினப்ப ஏறிச்சு. முள் மேல போகுது, வண்டிக்கு இழுப்பு குறையுது.

"மெக்கானிக் காதே போதுமே"ங்கிறது இன்னொரு கட்சி. அண்ணன் காதுக்குப் பின்னால முப்பது வருஷமா அவர் தொட்ட வண்டிங்க இருக்கு. தப்பா வெச்சா மறுநாளே ஆள் வந்து சண்டை போடுவான், அப்படிச் சண்டை போட்டுச் சண்டை போட்டே சரிபார்க்கப்பட்ட காது அது. என் மீட்டரை எதிர்த்து யாரும் சண்டை போடல, அதான் வித்தியாசம்.

சட்டத்தைப் பத்திக் கேக்கறவங்களுக்கும் ஒண்ணு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்ததுலருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. ஆர்பிஎம் மீட்டர்ங்கிறது ஆர்.சி.யில ஏறுற விவரம் இல்ல. அதைவிட எனக்கு உறுத்தறது வேற. சில பேர் ஸ்பீடாமீட்டரோட சேத்து மொத்த மீட்டர் செட்டையே வேற வண்டியிலருந்து தூக்கிப் போடறாங்க. அப்போ ஓடின கிலோமீட்டரும் கூடவே மாறிடுது. எழுபதாயிரம் ஓடின வண்டி ஒரே நாள்ல பதினெட்டாயிரம் ஆயிடும். நாளைக்கு அதை விக்கறப்ப வாங்கறவன் கூலிக்குப் போய்ச் சேத்த காசாக்கூட இருக்கலாம். தனியா ஒரு வட்டம் மாட்டுங்க, பழைய மீட்டரைத் தொடாதீங்க. தொட்டே ஆகணும்னா பழைய கிலோமீட்டரை எழுதி ஆர்.சி.யோட வைங்க.

கோடுல இருந்து அந்த ரெண்டாக்கற வரியைத் தூக்கிட்டேன், 120-ஐ 60 ஆக்கினேன். மறுபடி ரெக்கார்ட் பண்ணி, 1400, 3000, 5000 மூணு இடத்துல டுப் எண்ணிப் பாத்தேன். 5000-ல மட்டும் முள் நூறு நூத்தம்பது கூடக் காட்டுது. டயல் பக்கத்துலயே ஒரு துண்டு பேப்பர்ல அதை எழுதி ஒட்டியிருக்கேன்.

போன மாசம் ஊருக்குப் போனப்ப அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, அந்தப் பிளக் வயர்ல சுத்துற மாதிரி ஒண்ணு கடைக்குப் பண்ணிக் குடேன். புதுசா சேந்த பையனுக்கு இன்னும் காது பழகல." ஒரு சின்ன டப்பா, ஒரு எல்.சி.டி., துணிக் கிளிப்புல வயர் சுத்தி ஒண்ணு பண்ணிக் கொடுத்தேன். பக்கத்துல ஒரு சுவிட்ச்: ஒரு பக்கம் "பழைய புல்லட்", மறுபக்கம் "மத்தது".

அண்ணன் உடனே அதை வாங்கி மாட்டிடல. கடையில நின்ன மூணு வண்டியை ஒவ்வொண்ணா ஸ்டார்ட் பண்ணார். டப்பாவைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டு, முதல்ல காதால கேட்டு இவ்வளவு இருக்கும்னு பையன்கிட்ட ஒரு நம்பர் சொன்னார், அப்புறம்தான் திருப்பிப் பாத்தார். முதல் வண்டி, ரெண்டாவது வண்டி. மூணாவதுல அவர் சொன்னதுக்கும் டப்பாவுக்கும் இருநூறு வித்தியாசம் வந்துச்சு. "இதை நாளைக்கு வந்து எண்ணிப் பாரு, யார் தப்புன்னு"ன்னு சொல்லிட்டு, டப்பாவை ஸ்பேனர் பலகையில இருந்த ஒரு ஆணியில மாட்டினார்.